தேர்ச் சக்கரத்தில் நாலு விரற்கடை

எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்கு வலது கைப் பக்கம்தான் பிடிக்கும் என்று ஒரு பேச்சு, போன திருவிழாவில் ஒரு பிற்பகல் முழுக்க உலாப் போனது. அம்மன் சும்மா இருந்தாலும் எங்கள் ஆட்கள் சும்மா இருக்க மாட்டார்கள். ஆத்தா கண்ணைச் சிமிட்டினாள், ஆத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்று அவளுக்கும் சேர்த்து இவர்களே வாழ்ந்து முடித்துவிடுவார்கள். நான் கொடகவெல பக்கத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவள். இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கும் கோபம் முதலில் வந்தது, புத்தி கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

எங்கள் தோட்டம் பாதி தேயிலை, பாதி ரப்பர். மேட்டில் இருக்கும் லயங்களுக்கு, அதாவது வரிசை வீடுகளுக்கு, மேல் கணக்கு என்று பேர், பள்ளத்தில் இருப்பவற்றுக்குக் கீழ் கணக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோயில், ஒரு ரப்பர் பெக்டரி, தீராத ஒரு போட்டி. மேல் கணக்கு ஒரு கூடைத் தேங்காய் உடைத்தால் கீழ் கணக்கு கூடைக்கு மேல் ஒரு தேங்காய் கூட்டி உடைக்கும். கீழ் கணக்கு இரத்தினபுரியிலிருந்து மேளம் கூட்டி வந்தால், மறு வருடம் மேல் கணக்கு அதைவிடச் சத்தமான மேளத்தைத் தேடிக்கொண்டு கொழும்பு பஸ் ஏறும். சண்டை என்று சொல்ல முடியாது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இந்த இரண்டு கணக்குக்குள்தான். சம்பந்திகளுக்குள் இருக்குமே ஒரு குத்தல், அது. நான் மேல் கணக்கில் பிறந்தவள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழ் கணக்கு ஆட்கள் இதை வாசித்துவிட்டு நான் மறைத்துவிட்டேன் என்பார்கள்.

எங்கள் தேர் பெரிய தேர் இல்லை. ஓர் ஆள் உயர மேடை, அதற்கு மேல் மூங்கில் கட்டி, வண்ணத் துணி சுற்றி, உச்சியில் ஒரு கலசம். பின்னால் இரண்டு பெரிய இரும்புச் சக்கரங்கள், முன்னால் திருப்புவதற்கு ஒரு சின்னச் சக்கரம். பெரிய சக்கரங்கள் பெக்டரியில் கழித்துப் போட்ட ஏதோ பழைய இயந்திரத்தில் கிடைத்தவை. இரண்டையும் ஒரே இரும்புத் தண்டில் பற்றவைத்திருக்கிறார்கள். ஒன்று சுற்றினால் மற்றதும் கூடவே சுற்றியாக வேண்டும், ஒன்றை விட்டு ஒன்று தனியாகச் சுற்ற முடியாது. அதனால் வளைவுகளில் தேரைத் திருப்புவதற்குள் உயிர் போகும். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை கொடுத்து, வடத்தைப் பக்கவாட்டில் இழுத்து, ஆளுக்கொரு யோசனை சொல்லி, கடைசியில் எல்லோரும் சேர்ந்து தூக்கிக்கூட வைத்திருக்கிறோம்.

இரண்டு வருடத்துக்கு முன் தோட்டத்துக்குள் கொங்கிரீட் ரோடு வந்தது. வந்த கையோடு தோட்டத்தை நடத்துகிற துரை ஒரு கட்டளையும் போட்டார், இரும்புச் சக்கரம் புது ரோட்டில் ஏறக்கூடாது என்று. ஏறினால் ரோடு உரிந்துவிடுமாம். கோயில் கூட்டத்தில் ஒரே அமளி. கடைசியில் பெக்டரியில் வேலை செய்யும் ஒருவர்தான் வழி சொன்னார். செருப்படிக்கென்று வெளிநாட்டுக்குப் போகிற தடித்த கிரேப் ரப்பர் நம் பெக்டரியிலேயே செய்கிறோம், அரை அங்குலத் தடிப்பு, அதில் பட்டியாக வெட்டிச் சக்கரத்தைச் சுற்றி ஒட்டிவிடலாம் என்றார். பூசாரி முகம் சுளித்தார்.

"செருப்புக்குப் போற சாமானு சாமி தேருக்கா?"

"செருப்பாகுற வரைக்கும் அது பாலுதானே சாமி. நம்ம கையால வெட்டி எடுத்த பாலு."

பூசாரி அரை மனதாகச் சம்மதித்தார். துரையும் கழிவில் கிடந்த கிரேப்பை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். இடது சக்கரம் கீழ் கணக்குக்கு, வலது சக்கரம் மேல் கணக்குக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு சக்கரம், திருவிழாவுக்குத் திருவிழா பழையதை உரித்துவிட்டு ஆளுக்கொரு புதுச் சுற்றுப் பட்டி. எல்லோருக்கும் திருப்தி.

திருப்தி இல்லாத ஒருத்தி இருந்தாள். என் அக்கா.

அக்கா ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே லயங்களுக்குப் பின்னால் மலை வெடித்து நிற்கிறது, எந்த மழையிலும் சரியலாம் என்று அரசாங்கத்து ஆட்கள் எல்லோரையும் கிளப்பிவிட்டார்கள். கிளப்பியவர்கள் எங்கள் தோட்டத்து எல்லையில், இடது பக்க மேட்டில், தனித்தனி வீடாகக் கட்டிக் கொடுத்தார்கள். அந்த இடத்துக்குப் புது வீடு என்றே பேர் நிலைத்துவிட்டது. வீடு நல்ல வீடுதான். ஆனால் அவர்கள் மேல் கணக்கும் இல்லை, கீழ் கணக்கும் இல்லை. கோயில் காரியத்தில் எல்லாமே இரண்டாகப் பிரித்துப் பழகிய ஊர், மூன்றாவதாக ஒரு கூட்டத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தது. பிறந்த தோட்டத்துக்கே விருந்தாளியாகத் திரும்பி வந்தவள் என்று அக்கா தன்னைத் தானே கேலி செய்துகொள்வாள். கேலிதான், ஆனால் உள்ளே குத்தியிருந்தது எனக்குத் தெரியும்.

கொங்கிரீட் ரோடு புது வீடுவரை போடப்பட்டதும் அக்காவுக்கு ஓர் ஆசை பிறந்தது. அம்மன் தேர் இந்த வருடம் தங்கள் வாசலுக்கு வர வேண்டும். தோட்டத்தில் ஒரு வீடு தோட்டத்து வீடு என்பதற்கு அதுதான் அத்தாட்சி. தேர் வந்து நின்று, வாசலில் தேங்காய் உடைத்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் உங்களை எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்கமாட்டார்கள். அதற்காக அவள் நடையாய் நடந்தாள். கோயில் தலைவர் மேல் கணக்குக்காரர், நல்ல மனிதர், யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர். அதனாலேயே எதுவும் சீக்கிரம் நடக்காது. ஒருவழியாகத் தேர் வரும் என்று சம்மதித்தார். அந்தச் சந்தோஷத்தில் அக்கா பெக்டரியில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பிடித்து, நீளமாக ஒரு கிரேப் பட்டி சம்பாதித்து, மஞ்சள் பூசி, சுருட்டி எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போயிருந்தேன்.

"என்னாம்மா இது?"

"எங்க பங்குங்க தலைவரே. புது வீட்டு ஆளுங்க பங்கு. சக்கரத்துக்கு."

தலைவர் தலையைச் சொறிந்தார். "பங்குனா சந்தோசந்தான். ஆனா பின் சக்கரம் ரெண்டுதானேம்மா இருக்கு? ஒன்னு மேக்கணக்கு, ஒன்னு கீக்கணக்கு. நான் எங்கம்மா கொண்டு போயி ஒட்டுறது?"

"முன்னால ஒன்னு இருக்குங்களே."

"அது சின்னதா ரப்பர் டயரோடயே வந்த சக்கரம். அதுல என்னாத்த ஒட்டுறது? அடுத்த வருசம் பாப்போம்மா."

அக்கா சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். ரோட்டுக்கு வந்ததும் எனக்கு வாய் அடங்கவில்லை, நாலு வார்த்தை நன்றாகக் கேட்டிருக்கலாம் என்றேன். "போடி, தேர் வருதுல்ல, அது போதும்" என்றாள். வீட்டுக்கு வந்து அந்தச் சுருளைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

திருவிழா நெருங்கும்போது, கோயிலுக்குப் பந்தல் போடப் போகிறேன் பேர்வழி என்று கிளம்பி, அதே புது ரோட்டில் மழையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் முழங்கால்வரை மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். "ரோட்டுக்கு எம்மேல பொறாம" என்று சிரித்தாள். ஆனால் ஒன்று நிச்சயமாகிவிட்டது. அவளால் கோயிலுக்கு இறங்கி வர முடியாது. தேர் ஏறி வந்தால்தான் உண்டு.

தேர் அன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பியது. விளக்கு வைப்பதற்குள் கோயிலுக்குத் திரும்பிவிட வேண்டும், அது பூசாரியின் கணக்கு. அதற்கு முன்னால் மழை வந்துவிடும், அது எங்கள் மாவட்டத்தின் கணக்கு. நான் வடம் பிடிக்கும் கூட்டத்தில் இருந்தேன். கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே தேர் மெதுவாக வலது பக்கம் ஒதுங்கியது. நேராக்கினோம். மறுபடி ஒதுங்கியது. முன் சக்கரத்துத் தடியைப் பிடித்திருந்தவர் தன் தவறுதான் என்று நினைத்து இடது பக்கம் தொங்கினார், அப்படியும் ஒதுங்கியது. கடைசியில் வலது பக்கம் ரோட்டோரமாக இருக்கும் சிங்கள முதலாளியின் கடைப் படியில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. சரோங்கை இறக்கி விட்டுக்கொண்டு ஓடி வந்து கும்பிட்டார். உள்ளே போய் ஊதுவத்தி கொண்டு வந்தார். வடம் பிடித்த எல்லோருக்கும் சோடா உடைத்துக் கொடுத்தார். "மெனியோ மகே கடேட்ட ஆவா" என்று, தாய் என் கடைக்கு வந்துவிட்டாள் என்று, போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். பெண்கள் குலவை போட்டார்கள். நானும் சோடா குடித்தேன், மறுப்பானேன். அம்மனுக்கு வலது பக்கம் பிடித்திருக்கிறது என்ற பேச்சு அந்தக் கடைப் படியில்தான் பிறந்தது.

அதுவரை அது சிரிப்பாகத்தான் இருந்தது. புது வீட்டுக்குப் பிரியும் முச்சந்திக்கு வந்தபோது சிரிப்பு போய்விட்டது. புது வீட்டு ரோடு இடது பக்கம் ஏறுகிறது. இடது பக்கம் முட்டுக்கட்டை கொடுத்து இழுத்தோம். தேர் பாதி திரும்பி, கொஞ்சம் முன்னேறி, மெல்ல மெல்ல வலது பக்கம் மழைத்தண்ணீர் ஓடும் கானை நோக்கிப் போனது. பின்னுக்குத் தள்ளி மறுபடி இழுத்தோம். மறுபடியும் கான். மூச்சு வாங்க எல்லோரும் வடத்தைக் கீழே போட்டுவிட்டு நின்றபோது யாரோ மெதுவாகச் சொன்னார்கள், ஆத்தாளுக்கு அந்தப் பக்கம் போக இஷ்டமில்லை போல என்று. யார் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. சொன்ன வாய் ஒன்று, கேட்ட காது நூறு. ஆமாம், அந்த மேட்டில் முன்னே என்ன இருந்தது, யார் கண்டது என்றது ஒரு குரல். வேற தோட்டத்துக் காளி கூட வந்திருப்பாள் என்றது இன்னொன்று.

இந்தக் காலத்தில் சேதி மேடேறுவதற்குக் கால் வேண்டுமா என்ன? என் போன் அடித்தது. அக்கா.

"ஆத்தா வர மாட்டேன்னுட்டாளாமே?"

"எவ சொன்னா? சக்கரம் வழுக்குது, அவ்ளோதான்."

"மறைக்காதடி. இங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சு. வாசல்ல கோலம் போட்டு நிக்கிறாங்க, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க முடியல." பிறகு, "அவளுக்கு இஷ்டமில்லாட்டி இழுக்காதீங்க. வேணாம். திரும்பிப் போகட்டும்" என்று வைத்துவிட்டாள்.

அக்கா அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அந்த "வேணாம்" என்னால் தாங்க முடியவில்லை. நேராகத் தலைவரிடம் போய்க் கத்தினேன். அவர் வானத்தைப் பார்த்தார். கறுத்துக்கொண்டு வந்தது. "நான் என்னா செய்றது டீச்சரம்மா? நாங்க இழுக்காமலா விட்டோம்? அம்மா நகர மாட்டேங்கிறாளே" என்றார். இன்னும் ஒருமுறை பார்ப்போம், இல்லாவிட்டால் திருப்பிவிடுவோம் என்று முடிவாயிற்று. இழுக்கிறவர்கள் களைத்திருந்தார்கள், ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு இழுப்பதாகச் சொன்னார்கள்.

நான் கோபத்தோடு போய்க் கீழ் கணக்குப் பெண்கள் உட்கார்ந்திருந்த ரோட்டோரக் கல் திட்டில் உட்கார்ந்தேன். அங்கே வேறொரு பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரப்பர்ப் பால் வெட்டுக்குப் போகிறவள், கீழ் கணக்குச் சக்கரத்துக்குப் பட்டி வெட்டியவள் அவள்தான்.

"என்னாலதாங்க டீச்சர் எல்லாம். பட்டியில நான் ஒட்டுப் போட்டுட்டேன். சாமிக் காரியத்துல ஒட்டுப் போடலாமா? அதான் ஆத்தா கோவிச்சுக்கிட்டா."

"எதுக்கு ஒட்டு?"

"அளவு பத்தலங்க. சத்தியமா நான் சரியாத்தாங்க வெட்டுனேன். மொதச் சுத்துக்கு எந்தக் கயித்த வச்சு அளந்தனோ அதே கயித்த வச்சுத்தான் ரெண்டாவது சுத்துக்கும் அளந்தேன். மொதச் சுத்து அச்சா ஒட்டிச்சு. ரெண்டாவது சுத்து நாலு விரக்கட பத்தல. எப்டிங்க பத்தாமப் போவும்?"

"ரெண்டாவது சுத்தா?" என்றேன். "ஆளுக்கு ஒரு சுத்துன்னுதானே பேச்சு?"

எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். பிறகு ஒரு பெரியம்மா மெதுவாக உடைத்தார். மேல் கணக்குப் பட்டி தேய்ந்தாலும் தங்கள் பட்டி தேயக்கூடாது என்று, யாருக்கும் சொல்லாமல், இந்தத் தடவை நேர்த்திக்கடனாக ஒரு சுற்று கூடப் போட்டார்களாம். கூடைக்கு மேல் ஒரு தேங்காய்.

என் மண்டையில் அப்போதுதான் விளக்கு எரிந்தது. வருடா வருடம் கரும்பலகையில் வட்டம் வரைந்து, நடுவிலிருந்து விளிம்புவரை ஒரு கோடு போட்டு, இது ஆரை, சுற்றி வருகிற நீளம் பரிதி, ஆரை கூடினால் பரிதி எவ்வளவு கூடும் என்று தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். ஆரையில் கூடியதைப்போல ஆறேகால் மடங்கு பரிதியில் கூடும். ஒரு பட்டி அரை அங்குலத் தடிப்பு, அதாவது ஆரையில் அரை அங்குலம். சுற்றில் மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல். நாலு விரற்கடை! வட்டம் சின்னதா பெரிதா என்பது பேச்சே இல்லை. வளையலுக்கு வெளியே அரை அங்குலம் தள்ளி ஒரு வளையம் போட்டாலும் அதே நாலு விரற்கடைதான் கூடும், தேர்ச் சக்கரத்துக்குப் போட்டாலும் அதேதான். பிள்ளைகள் யாரும் இதை நம்பமாட்டார்கள். பெரிய சக்கரத்துக்கு நிறையக் கூடும் என்பார்கள். இந்த அம்மா கயிற்றைப் பிடித்து நிரூபித்துவிட்டு, தெய்வக் குற்றம் என்று அழுதுகொண்டிருக்கிறாள்.

மீதி எல்லாம் தானாக விளங்கியது. இரண்டு சக்கரமும் ஒரே தண்டில். இடது சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் நாலு விரற்கடை அதிகமாகப் போகிறது, வலது சக்கரத்தால் அந்த அளவுக்குப் போக முடியாது. இடது பக்கம் முந்த முந்த, தேர் வலது பக்கம் திரும்பாமல் என்ன செய்யும்?

"நீ சரியாத்தாம்மா வெட்டுன" என்று அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கினேன். பாவம், பயந்துபோனாள்.

தலைவரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. சுற்றி நின்றவர்களும் நம்பவில்லை. அரை அங்குலம் ஒரு பெரிய சங்கதியா என்றார்கள். சாமிக் காரியத்தில் கணிதத்தைக் கொண்டுவந்து போடுகிறாளே என்று ஒருவர் முணுமுணுத்தார். எனக்கு ஏறிய கோபத்துக்கு மழை பெய்தாலும் ஆவியாகியிருக்கும். ஆனால் கத்தினால் காரியம் கெடும் என்று, கும்மியைச் சொன்னேன்.

"தலைவரே, நம்ம பொம்பளைங்க கும்மி அடிக்கிறப்போ புதுசா ஆளு வந்தா என்னா செய்றோம்? எல்லாரும் ஒரு எட்டு பின்னால வைக்கிறோம். ஒரு எட்டுக்கு ஒரு எட்டு எடமா கெடைக்குது? ஆறு எட்டு எடம் கெடைக்குது. அஞ்சாறு பேரு தாராளமா உள்ள வந்துர்றாங்க. இல்லீங்களா?"

தலைவர் யோசித்தார். கும்மி அவருக்குத் தெரிந்த விஷயம். "அது சரிதான்" என்றார் இழுத்து.

"அதேதாங்க இது. கீக்கணக்குச் சக்கரம் அரை அங்குலம் பின்னால வச்சிருச்சு."

கீழ் கணக்கு ஒரு சுற்று கூடப் போட்ட சேதி அப்போதுதான் மேல் கணக்கு ஆட்களுக்கு எட்டியது. அவ்வளவுதான், ஒரு மூச்சு கூச்சல். இப்போதே அதைப் பால் வெட்டுகிற கத்தியால் அறுத்து எறிய வேண்டும் என்றார் ஒருவர். நேர்த்திக்கடனில் கை வைத்தால் பார் என்று கீழ் கணக்குப் பெண்கள் எழுந்து நின்றார்கள். வலது சக்கரத்துக்கும் இன்னொரு சுற்றுப் போட்டுவிட்டால் இரண்டும் சமமாகிவிடும் என்றேன். நல்ல யோசனைதான், பட்டிக்கு எங்கே போவது, பெக்டரி பூட்டிக் கிடக்கிறதே என்றார் தலைவர். சொன்ன பிறகு அவரே என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவர் முகம் சிவந்தது.

"ஒங்க அக்கா கிட்ட அந்தச் சுருளு இருக்குங்களா?" என்றார். அந்தக் குரல் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை, பிறகு விளங்கியது. கட்டிலுக்கடியிலிருந்து சுருளை யாரோ இழுக்கும் சத்தம் போனிலேயே கேட்டது.

"ஏண்டி, எவ்ளோ வேணும்? நான் நீளமாத்தான் வச்சிருக்கேன். அன்னைக்கே ஒரு சுத்துக்கு அளவு கேட்டு வாங்கி அடையாளம் போட்டுட்டேன்."

"அந்த அடையாளத்துக்கு மேல நாலு விரல் கூட்டி வெட்டு."

"யாரு விரலு? ஒன்னோடதா, என்னோடதா?"

"ஒன்னோடதே வையி. எல்லாம் ஒரே ஆத்தா பெத்த விரலுதான்."

அவள் சிரித்தாள். அந்தப் பிற்பகலில் அதுதான் முதல் நல்ல சத்தம்.

புது வீட்டுக்கு அடிக்கடி வாடகை ஹயர் வருகிற சிங்களத் தம்பி ஒருவர் த்ரீவீலரில் சுருளைக் கொண்டு வந்து சேர்த்தார். வருகிற வழியிலேயே டயர் ஒட்டுகிற கடையில் சொலூஷனும் வாங்கி வந்திருந்தார். அந்தப் புத்தி எனக்குக்கூட வரவில்லை. ரப்பர் பால் ஏற்றுகிற லொறியின் ஜெக்கை வைத்துத் தேரின் வலது பக்கத்தைத் தூக்கினார்கள். பூசாரி இறங்க மறுத்துவிட்டார். அம்மனை ஒரு கையாலும் மூங்கிலை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று மேலிருந்து கூவிக்கொண்டே இருந்தார். பெக்டரிக்காரர்கள் சொலூஷன் தடவினார்கள். அது காய்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். நாலு விரற்கடை என்று இத்தனை பேர் முன்னால் சொல்லியாயிற்று. பட்டி பத்தாமல் போனால் கணக்கு டீச்சர் மானம் கப்பலேறும், அது போகட்டும்; ஆத்தாதான் வேண்டாம் என்றாள் என்று ஊர் சாதித்துவிடும், அக்கா அதையும் சிரித்துக்கொண்டே விழுங்குவாள்.

பட்டியைச் சுற்றினார்கள். சக்கரத்தடியிலும் கையை விட்டு, மரச் சுத்தியலால் தட்டித் தட்டி ஒட்டிக்கொண்டே வந்தார்கள். கூட்டம் முழுக்கக் குனிந்து பார்த்தது. பட்டி வெட்டிய அந்தக் கீழ் கணக்குப் பெண் எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தே விட்டாள். கடைசி முனை வந்தது. தொடங்கிய முனையோடு போய் அணைந்து உட்கார்ந்தது. நடுவில் ஒரு கத்திமுனை போகிற இடம்கூட இல்லை.

"நாந்தான் சொன்னேனே! நான் சரியாத்தானே வெட்டுனேன்!" என்று அவள் துள்ளி எழுந்தாள். குலவை போட்டது அவள்தான் முதலில். தெரிந்த தமிழெல்லாம் தீர்ந்துபோன த்ரீவீலர்த் தம்பி, "ஹரித டீச்சர்?" என்று கேட்டார். "ஹரி, ஹரி" என்றேன். எல்லாம் சரி.

ஜெக்கை இறக்கினார்கள். வடம் பிடித்தோம். முச்சந்தியில் முட்டுக்கட்டை ஒன்று கொடுத்ததும் தேர் இடது பக்கம் திரும்பியது. பிறகு பிடிவாதம் ஒன்றும் இல்லை. சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளையைப் போல மேட்டில் ஏறியது. தூறல் விழுந்தது, யாரும் பொருட்படுத்தவில்லை. மேட்டுத் திருப்பத்தில் புது வீட்டு ஆட்கள் ஓடி வந்து வடத்தில் கை வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் யார் எந்தக் கணக்கு என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியாமல் போனது.

அக்கா வாசலில் நாற்காலி போட்டு, மாவுக்கட்டுக் காலை ஒரு ஸ்டூலில் நீட்டி, மடியில் அர்ச்சனைத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். தேர் வந்து நின்றது. அவள் கும்பிடுவாள் என்று நான் பார்த்தேன். அவள் முதலில் என்னைக் கூப்பிட்டு, தன்னைத் தூக்கி விடச் சொன்னாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் வலது சக்கரத்துக்குப் பக்கத்தில் போனாள். குனிந்து பட்டியைத் தடவிக்கொண்டே போய், முனைகள் சேர்ந்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே நாலு விரலை வைத்துப் பார்த்தாள். மஞ்சள் அவள் விரலில் ஒட்டியது. அதை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து அம்மனைப் பார்த்தாள்.

தேங்காயை உடைக்கத் தலைவர் வந்து நின்றார். அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"தப்பா நெனச்சுக்காதம்மா" என்றார். "ஆத்தா ஏதோ கோவத்துல அந்தப் பக்கம் சாஞ்சுட்டான்னு நெனச்சிட்டோம்."

"ஆத்தாளுக்கு என்னாங்க தலைவரே கோவம்?" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் கண் நிறைந்திருந்தது. "அன்னைக்கே எங்களுக்கு நாலு விரல் எடம் குடுத்திருந்தா, அவ ஏன் சாயுறா?"

தலைவர் தேங்காயை உடைத்தார். அது சரிபாதியாகப் பிளந்தது. பெண்கள் ரோட்டிலேயே கும்மிக்கு வட்டம் கட்டினார்கள். புது வீட்டுப் பெண்கள் ஓரமாகத் தயங்கி நின்றார்கள். அப்போது கீழ் கணக்குப் பெண் ஒருத்தி சத்தம் போட்டாள். "ஏய், எல்லாரும் ஒரு எட்டு பின்னால வைங்கடி!"